இரண்டாவது மிதி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், போகப் போக நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

என் ஸ்கூட்டர் பொங்கலுக்கு முன்பிருந்தே வாசலில் செத்துக் கிடக்கிறது. உதைத்தால் உறுமாது, பட்டனை அழுத்தினால் இருமக்கூடச் செய்யாது. ஏப்ரலில் ஒருநாள், ரோட்டோரம் புகைச் சோதனைச் சான்றிதழ் கொடுக்கிற ஒருவரைப் பார்த்ததும் என்னுடையது காலாவதியானது நினைவுக்கு வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் சோதிப்பீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் இந்த வெயில்ல தள்ளிக்கிட்டு? நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து வச்சிருந்தா அனுப்புங்க, போதும்."

அனுப்பினேன். சான்றிதழ் கைக்கு வந்தது. என் வண்டி விடும் புகை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதாம். அதைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. ஓடாத வண்டி எங்கிருந்து புகை விடும்? கிளம்பும்போது அந்த மனிதர், "மோர் குடிச்சிட்டுப் போங்க சார்" என்று தன் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். என் கோபத்தில் முதல் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து கோபக் கதைதான் எழுத உட்கார்ந்தேன். வாகனச் சோதனை என்ற பெயரில் நடக்கிற கூத்தையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுவது என்று திட்டம். அதற்கு ஒரு வில்லன் வேண்டும். கதை முழுக்க அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மே மாத வெயில் மைதானத்தின் மேல் ஈவிரக்கமில்லாமல்—" வேண்டாம். பெரம்பலூர்ப் பக்கத்து மே மாதத்தை யாருக்கும் நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "ஊழல் என்பது ஒரு சமூகத்தின்—" இது கட்டுரை. ஊரில் ஏற்கனவே நிறைய இருக்கிறது.

மூன்றாவது: "அரியமுத்து பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். நின்றது." இது தேவலை. இதில் ஓர் ஆள் இருக்கிறார், ஒரு வண்டி இருக்கிறது, ஒரு கோளாறும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அரியமுத்து வேப்பந்தட்டைக்காரர். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. வாலிகண்டபுரம் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியின் மஞ்சள் வேனை ஓட்டுகிறார். அவர் வீட்டில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான். அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் மாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தவர். அதனால் வேனில் ஏறும்போதெல்லாம் அரியமுத்துவுக்கு முதுகு தன்னால் நிமிர்ந்துவிடும். சட்டையின் மேல் பட்டனைப் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

வேனின் பிரேக்கில்தான் கோளாறு. முதல் மிதியில் பெடல் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி அடிவரை போய்விடும், வண்டி தன் பாட்டுக்கு ஓடும். காலை எடுத்து உடனே இன்னொரு மிதி கொடுத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் மொழியில் அதற்குப் பெரிய பெயர் உண்டு. வேனில் போகிறவர்கள் மொழியில் அது 'ரெண்டு மிதி'. அரியமுத்துவின் கால் அதைப் பழகி, பழகியதையும் மறந்துவிட்டது. இரண்டு தடவை மிதிக்கிறோம் என்றே அவருக்கு இப்போது தோன்றுவதில்லை.

எண்ணி வைத்திருந்தது பிள்ளைகள்தான். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா ஜோதி, இரண்டாவது மிதியில் வண்டி குலுங்கிப் பிள்ளைகள் முன்சீட்டில் பல்லை இடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். முதல் மிதிக்கு 'ஒண்ணு' என்று கத்திக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ரெண்டு'க்குக் குலுங்கும். ஏரிக்கரை இறக்கத்தில் வேன் வரும்போது மொத்தக் கூட்டமும் "ஒண்ணூ… ரெண்டூ!" என்று கத்துகிற கத்தலில், மெயின் ரோட்டு டீக்கடையில் டம்ளரைக் கழுவுகிறவர் மணி பார்த்துக்கொள்வார்.

[ஏரிக்கரை இறக்கத்தை நினைவில் வையுங்கள். ரோடு சரிந்து வந்து நேராக மெயின் ரோட்டில் முட்டும். அங்கே சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்.]

பிரேக்கை ஏன் சரி செய்யவில்லை? பள்ளியை நடத்தும் வெற்றிச்செல்வியிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், எழுதினேன்.

"இந்த வருசம் பொம்பளப் புள்ளைங்களுக்கு பாத்ரூம் கட்டிட்டேன்ணே" என்று அவள் அரியமுத்துவிடம் சொன்னாள். "எஃப்.சி.ல ஃபெயிலுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா நகைய வச்சாவது பிரேக்க மாத்திடுவேன். பாஸாயிடுச்சுன்னா இன்னொரு வருசம் ஓடட்டும். நீங்க ஓட்டறப்ப எனக்கென்ன பயம்?"

எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று வருடா வருடம் பார்த்துக் கொடுக்கும் சான்று. பள்ளி வண்டிகளுக்கு மே மாதத்தில் மொத்தமாகப் பார்ப்பார்கள். பாத்ரூம் கட்டியவளை வில்லியாக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஆளைப் பார்ப்போம்.

3

இங்கே ஒரு மைதானமும் ஓர் ஆபீஸும் தேவை. இருக்கிற ஆபீஸ்களின் மேல் கைவைக்க எனக்குத் தைரியமில்லை, நியாயமும் இல்லை. அதனால் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கேயோ வேலிக்கருவையை வெட்டி, நானே ஒரு மைதானம் போட்டேன். ஒரு ஷாமியானா, ஒரு மேசை, எதிரே ஜான் பீட்டரின் ஜெராக்ஸ் கடை. தேடிக்கொண்டு போகாதீர்கள், வெயில்தான் மிச்சம்.

ஜான் பீட்டர் வரதராஜன்பேட்டைக்காரர். கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிப் பல காலம் ஆகிறது. அவருடைய நிஜத் தொழில், வண்டிக்காரர்களின் படிவத்தை எழுதி, ஃபைலைக் கட்டி, எந்த வண்டியில் என்ன குறைகிறதோ அதை இரவல் கொடுத்து, பாஸாக்கி அனுப்புவது. நான்கு நல்ல டயர், ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு சிவப்புத் தீயணைப்பான். ஒரு வேன் பாஸானதும் அவை இறங்கி அடுத்த வேனில் ஏறும்.*

அன்றைக்கு அரியமுத்துவின் முறை வந்தபோது, அந்தத் தீயணைப்பான் காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வண்டி மாறியிருந்தது. சோதனை செய்கிற ஆய்வாளர் ஜெயசீலன் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஓரமாக நின்ற தீயணைப்பானைப் பார்த்து, "வாங்க தம்பி. இங்கயும் வந்துட்டீங்களா? டீ சாப்டீங்களா?" என்றார்.

ஜான் பீட்டர் வாயைப் பொத்திச் சிரித்தார். அரியமுத்துவும் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுதான் சிக்கல்.

ஃபைலோடு ஒரு கவரும் போகும். ஜெயசீலன் அதைப் பார்க்க மாட்டார், மேசை டிராயர் பார்த்துக்கொள்ளும். இங்கே அவரை வில்லனாக்கிவிடலாம் என்று பேனாவை இறுக்கிப் பிடித்தேன். அந்த மனிதர் என்னடாவென்றால், வெயிலில் நின்ற ஜோதியிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டுத் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். ஃபெயில் போட்டால் அந்த வண்டிக்காரன் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு புகையாது என்பது அவருக்குத் தெரியும். பாஸ் போடும்போது அவர் முகத்தில் ஒரு தகப்பனின் திருப்தி இருக்கும். கவருக்காகப் போடுகிறாரா, இரக்கத்துக்காகப் போடுகிறாரா என்று அவரைக் கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

*அந்த நான்கு டயர்களும் இந்த வட்டாரத்துப் பாதி வண்டிகளில் ஓடியிருக்கின்றன. மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

4

மைதானத்தின் நடுவில் ஒரு சுண்ணாம்புக்கோடு. வண்டி கொஞ்சம் வேகமாக வர வேண்டும். விசில் ஊதியதும் பிரேக் பிடிக்க வேண்டும். முன்சக்கரம் கோட்டைத் தாண்டாமல் நின்றால் பாஸ். படிவத்தில் அதற்கு இரண்டே கட்டம்: நின்றது, நிற்கவில்லை. எத்தனை மிதியில் நின்றது என்று எழுத இடமே கிடையாது.

அரியமுத்து மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். சுற்றிலும் வேறு பள்ளி டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எந்த டிரைவருக்கும் கை கால் ஒரு தினுசாகத் திமிர் பிடித்துக்கொள்ளும். வேன் வந்தது. விசில். பின்சீட்டில் ஜோதி பழக்கத்தில் தனக்குள்ளேயே "ஒண்ணு ரெண்டு" என்றாள். முன்சக்கரம் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

நிழலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"வண்டின்னா இப்படி நிக்கணும்" என்றார் ஜெயசீலன், மற்றவர்களைப் பார்த்து. அரியமுத்து இறங்கி வந்தபோது மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த ஒரு சாண் அவருடைய பல வருட உழைப்பு.

5

அந்த மைதானத்தில் நிஜமான சோதனையும் ஒன்று நடந்தது. ஷாமியானாவின் ஓரத்தில் டிரைவர்களுக்குக் கண் முகாம். ஷைனி என்கிற நர்ஸ் எழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அரியமுத்துவுக்கு முன்னால் நின்றவர் எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார். கேட்டு வைத்துக்கொண்ட அரியமுத்து, தன் முறை வந்ததும் கடகடவென்று அதே வரிசையில் ஒப்பித்தார். ஷைனி அட்டையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாள். அரியமுத்து வெகுநேரம் பார்த்தார்.

"மொத வரி மட்டும் தெரியுதுங்க. அதுவும் புகையாட்டம்."

"ரெண்டு கண்ணுலயும் புரைங்க ஐயா. ஆபரேஷன் பண்ணா நல்லாயிடும். பண்ணி டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதுங்க."

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஆயிடுமாம்மா?"

"இப்ப ரத்தம் எடுத்துப் பாத்ததுல சக்கர நெறைய இருக்குதே. மொதல்ல அது எறங்கணும். தீபாவளி ஆயிடும்னு வச்சுக்கங்க."

அவள் யாருக்கும் எதுவும் வளைந்து கொடுக்கவில்லை. கெஞ்சியவரிடமும் அதே குரல், சிரித்தவரிடமும் அதே குரல். என் கதையில் கறாரான ஆள் அவள் ஒருத்திதான். அவளை மட்டும்தான் அன்றைக்கு எல்லோரும் "என்ன பொண்ணுய்யா இது" என்று திட்டினார்கள்.

அரியமுத்து வெற்றிச்செல்விக்குப் போன் போட்டார். வேலை போய்விடும் என்று பயந்துதான் போட்டார். அவளோ, "கண்ணு முக்கியம்ணே. வேல எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க வர்ற வரைக்கும் எங்க அண்ணன் மவன் கலைச்செல்வன் ஓட்டட்டும். அரியலூர்ல டிப்பர் ஓட்டறவன்தானே, நல்ல புள்ள" என்றாள். அரியமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேனை ஓரமாக நிறுத்தலாம் என்று ஏறி, பெடலில் கால் வைத்தார்.

வைத்தபோதுதான் உறைத்தது. தீபாவளி வரை இதில் இருக்கப் போவது வேறொருவன் கால்.

உடனே கலைச்செல்வனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கல் கொட்டுகிற சத்தம்.

"தம்பி, நம்ம வேன்ல பிரேக்கு ரெண்டு மிதி மிதிக்கணும்யா. மொத மிதியில பிடிக்காது."

"சரிங்க மாமா! ரெண்டு மிதி! பாத்துக்கறேன், வச்சிடவா?"

நல்ல பையன், கேட்டுக்கொண்டான். ஆனால் காது கேட்டது காலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நாளாகும் என்று அரியமுத்துவுக்குத் தெரியும். கலைச்செல்வன் ஓட்டுவது புது டிப்பர், தொட்டாலே நிற்கும். நிதானமாகப் போகும்போது இரண்டு தடவை மிதிப்பான். ஏரிக்கரை இறக்கத்தில் திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தால், கால் பழகியதைத்தான் செய்யும். ஒரு மிதி மிதித்துவிட்டு நிற்கும் என்று காத்திருப்பான். அவ்வளவு நேரம் அந்த இறக்கம் கொடுக்காது. கீழே மெயின் ரோடு.

வண்டி பாஸ். டிரைவர் ஃபெயில். வண்டி பாஸானதே ஃபெயிலான டிரைவரால்தான். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

6

ஜான் பீட்டர் ஓடி வந்தார். சேதி அதற்குள் மைதானம் முழுக்கப் பரவியிருந்தது.

"அண்ணே, ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க? கண்ணுக்கும் வழி இருக்குண்ணே. எனக்குத் தெரிஞ்ச எடத்துல பார்வை சரியா இருக்குன்னு ஒரு சீட்டு வாங்கித் தரேன். உங்ககிட்ட ஒண்ணும் வேணாம். பத்து வருசமா என் கடைக்கு வர்ற ஆளு நீங்க."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. அரியமுத்துவே ஓட்டுவார், இரண்டு மிதி தொடரும், பிள்ளைகள் கத்துவார்கள், டீக்கடைக்காரர் மணி பார்ப்பார். எல்லோருக்கும் நல்லது. ஒரு சின்னச் சீட்டு. நான் எழுதியும் விட்டேன்: "அரியமுத்து சீட்டை வாங்கிச் சட்டைப் பையில்—"

அவர் வாங்கவில்லை.

"வேணாம் பீட்டரு. போன மாசம் ஏரிக்கரையில ஒரு பாறை கெடக்குதுன்னு ஒதுங்கிப் போனேன். கிட்ட போனப்ப அது எந்திரிச்சு நடந்துச்சு. எரும மாடுய்யா அது. யாருகிட்டயும் சொல்லல. ஜோதிகிட்டகூட சொல்லல."

ஜான் பீட்டர் மெல்ல அரியமுத்துவின் தோளில் கை வைத்து, "வாங்க, சர்பத் குடிக்கலாம்" என்றார்.  

7

அரியமுத்து சர்பத் குடிக்கவில்லை. நேராக மேசைக்குப் போனார். நல்லவேளை, படிவங்களில் ஜெயசீலன் சாயங்காலம்தான் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார்.

"சார், என் வண்டிக்கு ஃபெயில் போடுங்க."

ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மொதல்ல. கண்ணு போனா என்னங்க, ஆபரேஷன் பண்ணா வந்துடும். அதுக்காக ஸ்கூல் வண்டிய நிறுத்தச் சொல்லலாமா? உங்க மனசு எனக்குப் புரியுது."

"அதில்ல சார். பிரேக்கு ரெண்டாவது மிதியிலதான் பிடிக்குது."

"எங்க ஜீப்பும் அப்படித்தாங்க" என்றார் ஜெயசீலன் ஆறுதலாக. "பழைய வண்டின்னா ரெண்டு மிதி இருக்கத்தான் செய்யும். கோட்டுக்கு முன்னாடி நின்னுச்சா இல்லியா? நானே பாத்தேன். ஊரே பாத்துச்சு. நின்ன வண்டிய நிக்கலைன்னு நான் எப்படி எழுத முடியும்?"

எத்தனையோ பொய்யில் கையெழுத்துப் போட்ட மனிதர், இந்த ஒரு பொய்யை எழுத மாட்டேன் என்கிறார். கோபப்படுவதா, மெச்சுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இன்னொரு தடவ ஓட்டிக் காட்டறேன் சார். ஒத்த மிதிதான் மிதிப்பேன். பாருங்க."

சரி என்றார் ஜெயசீலன், ஆளைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்தில். கோட்டுக்கு அப்பால் யாரும் நிற்காமல் ஒதுக்கிவிட்டார்கள். கோட்டுக்கு அப்பால் வெறும் மண்.

முதல் வரைவில், வேன் வந்தது, விசில் ஊதியது, அரியமுத்து ஒரு மிதி மிதித்தார். பெடல் இறங்கியது. வேன் ஓடியது. கோடு கிட்டே வந்தது. அவர் கால் அவரைக் கேட்காமலே எழும்பி இன்னொரு தடவை இறங்கியது. ஒரு சாண் முன்னால் நின்றது.

இரண்டாவது வரைவில் அவர் இடது கையால் வலது தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு சாண் முன்னால் நின்றது.

மூன்றாவது வரைவில் நானே அதட்டினேன். (அரியமுத்து, மிதிக்காதீர்கள். இது என் கதை. நான் சொல்கிறேன்.) விரற்கடை முன்னால் நின்றது. அதற்குமேல் அவரால் எனக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்து ஓடிய வண்டி அது. நிற்காமல் விட அந்தக் காலுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அவர் அழுதார். சட்டையின் மேல் பட்டன் கழன்றிருந்தது. நிழலில் இருந்த டிரைவர்கள் இந்தத் தடவை கை தட்டவில்லை.

ஆய்வாளரே ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நான்காவது வரைவில் அவரை ஏற்றினேன். அவர் சாவியைத் திருப்பியதும், பக்கத்துச் சீட்டில் இருந்த அரியமுத்து பதறிப்போய், "சார், பாத்து! ரெண்டு தடவ மிதிங்க!" என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் அடிபடக் கூடாதே என்கிற பதற்றம். ஜெயசீலன் ஜீப்பு ஓட்டிய பழக்கத்தில் அழகாக இரண்டு தடவை மிதித்தார். நின்றது.

நிழலில் இருந்த டிரைவர்கள், கூட ஓட்டுகிறவர் வண்டியைத் தங்கள் காலால் ஃபெயிலாக்க மனசு வராமல் எழுந்திருக்கவே இல்லை. ஜான் பீட்டருக்கு லைசென்ஸ் இல்லை. (அத்தனை வண்டியைப் பாஸாக்கியவர் சைக்கிளில்தான் வருகிறார்.) ஜோதிக்கு ஓட்டத் தெரியாது. கலைச்செல்வன் அரியலூரில் கல் ஏற்றிக்கொண்டிருக்கிறான், முதலாளி விடவில்லை.

8

முடிவுகளைப் பார்ப்போம்.

அ. ஜூன் மாதம். பள்ளி திறந்து முதல் வாரம். ஏரிக்கரை இறக்கத்தில் கலைச்செல்வன் குறுக்கே வந்த ஆட்டைப் பார்த்து—

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். பேனா என் கையில்தான் இருக்கிறது, முடிக்க மாட்டேன்.

ஆ. பிள்ளைகள் "ஒண்ணூ… ரெண்டூ" என்று கத்தக் கத்த, கலைச்செல்வனின் கால் கற்றுக்கொள்கிறது. மனசுக்கு இதமான முடிவு. பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போட்டுவிடுவார்கள். ஆனால் பிள்ளைகள் முதல் மிதி விழுந்த பிறகுதான் 'ஒண்ணு' சொல்லும். பல்லு விழுந்த வயசுப் பிள்ளைகளின் தொண்டையை நம்பி ஒரு வேனை இறக்கத்தில் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

இ. வெற்றிச்செல்வி தானாகவே நகையை வைத்துப் பிரேக்கை மாற்றுகிறாள். மாற்றுவாள், சத்தியமாக மாற்றுவாள். 'நிற்கவில்லை' என்று ஒரு காகிதம் அவள் கைக்குப் போக வேண்டும். அரியமுத்து போனில் சொல்லிப் பார்த்தார். "எனக்காகக் கவலப்பட்டு மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்கண்ணே. அதான் பாஸ் ஆயிடுச்சே" என்றாள்.

வில்லனையும் நான் கண்டுபிடிக்கவில்லை. மோர் கொடுத்தவர், குடை கொடுத்தவர், தோளில் கை வைத்தவர், வேலை எங்கயும் ஓடிப் போயிடாது என்றவள், எல்லோரும் நல்லவர்கள். இத்தனை நல்லவர்களும் சேர்ந்துதான் அந்த வேனை ஏரிக்கரை இறக்கத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். எனக்கு இவர்கள் எல்லோரையும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

9

சாயங்காலம் ஆகிறது. ஜெயசீலன் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அரியமுத்துவின் படிவம் காகிதக் கட்டின் அடியில் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

எனக்கு ஒரு கால் வேண்டும். இந்த வண்டிக்குப் பழகாத கால். கதைக்குள் இருக்கிற கால்களையெல்லாம் பார்த்துவிட்டேன், என்னுடையதும் ஆகாது. இதை எழுதி எழுதி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே என் வலது கால் இரண்டு தடவை தரையை மிதிக்கிறது.

அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். வாங்க, ஏறுங்க. கதவு கொஞ்சம் இறுக்கம், தோளால் முட்டினால் திறக்கும். உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதென்றால் பரவாயில்லை, அதை என் வாக்கியத்தில் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் அரியமுத்து உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தடவை பதறி எதையும் சொல்லிவிடக் கூடாது என்று கைக்குட்டையை வாயில் கடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஜோதி மட்டும்தான், கம்பியைப் பிடித்திருக்கிறாள். கோட்டுக்கு அப்பால் யாரும் இல்லை. வெறும் மண். வண்டி தாண்டி ஓடினாலும் தானாக வேகம் குறைந்து வேலிக்கருவையில் போய் நிற்கும், பம்பரில் கீறல் விழும், அவ்வளவுதான். இந்த வண்டி நிற்காமல் போவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எனக்கு ஒரே ஒரு கவலை. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். உங்கள் காலுக்கும் இப்போது தெரியும். அரியமுத்துவின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாலு பேர் முன்னால் அவர் வண்டி கோட்டைத் தாண்டி ஓட விடலாமா என்று தோன்றும், கால் தன்னால் எழும்பும். நீங்களும் நல்லவர்தானே.

ஒரு தடவை மட்டும் மிதியுங்கள். மிதித்துவிட்டுக் காலை அப்படியே வைத்திருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஒரு தடவை அன்பாக இருந்துவிடாதீர்கள்.

வேன் நகர்கிறது. வேகம் பிடிக்கிறது. விசில்.

நீங்கள் மிதித்தீர்கள். பெடல் அடிவரை இறங்கியது. பின்சீட்டில் ஜோதி, "ஒண்ணு" என்றாள். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.